கடைசியாக உயிருடன் பார்த்தவர்

செத்தவர்களை அவர் ‘நீ’ என்பார். உயிரோடிருப்பவர்கள் எல்லோரும் அவருக்கு ‘நீங்க’. டீ ஆற்றுகிறவர், பஸ் கண்டக்டர், ஆடு மேய்க்கிறவர் எல்லோருக்கும் ஒரே மரியாதைதான். அவர் வாயிலிருந்து ‘ஏலே’ என்று நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு முதுமக்கள் தாழியிடம் அவர் பேசியபோது.

அர்ச்சுனா நதிக் கரையில் மணல் சரிந்த ஒரு பள்ளத்தில் தாழிகளின் வாய்கள் வட்டம் வட்டமாகத் தெரிந்தன. உச்சி வெயில். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எனக்கு அது முதல் நாள். மற்றவர்கள் அளவெடுப்பதும் படமெடுப்பதுமாக இருக்க, இவர் மட்டும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு தாழியின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“ஏலே, ஒன்னையக் கடைசியா உயிரோட பாத்தது யாரு?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் திரும்பவில்லை. கையை மட்டும் உயர்த்தி ‘பொறுங்க’ என்றார். பொறுத்தேன். பனை ஓலை கூட அசையவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். பிறகு மெல்லத் தலையாட்டிவிட்டு, மடியிலிருந்த நீள நோட்டில் எதையோ எழுதினார். யாரோ சொல்லச் சொல்ல எழுதுகிற கை அது. நடுவில் ஒரு முறை நிறுத்தி, காதைச் சாய்த்து, ஒரு வார்த்தையை அடித்துத் திருத்தினார். என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

நாங்கள் அவரை ஏட்டையா என்றுதான் கூப்பிட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸில் பாதியை ஸ்டேஷன் ரைட்டராகவே கழித்தவர். திருடனைத் துரத்திய கதை எதுவும் அவரிடம் இல்லை. பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து விசாரணை அறிக்கை எழுதியதுதான் அவர் வேலை. கிடந்த இடம், கிடந்த விதம், கடைசியாக உயிருடன் பார்த்தவர், பஞ்சாயத்தார் அபிப்பிராயம் என்று அதற்கு ஒரு முறை உண்டாம். அதே முறையில்தான் நடுகல்லையும் தாழியையும் எழுதினார். எழுதி முடித்ததும் எங்கள் ஐந்து பேரிடமும் நோட்டை நீட்டுவார். சந்தேக மரணத்துக்கு ஊரார் ஐந்து பேர் கையெழுத்து வேண்டும் என்பது அவருடைய சட்டம். முன்னூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவனுக்கும் இவர் சம்மன் அனுப்பிவிடுவார் என்று நான் கேலி பண்ணுவேன்.

கேலிக்கெல்லாம் அவர் கோபப்பட மாட்டார். “அனுப்பலாம் தாயி. வாங்கிக்கிட ஆளு வேணுமில்ல” என்பார்.

அந்த ஐந்து பேரைச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை பார்க்கும் லெக்சரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கல்வெட்டு வாசிப்பார். ராஜபாளையத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். ஓய்வு பெற்ற நர்ஸம்மா, ஞாயிறு ஜெபம் முடித்த கையோடு பைபிளைக் கூடையில் வைத்துக்கொண்டு வருபவர். அவருடைய கணவர். அப்புறம் நான். ராஜபாளையத்தில் ஒரு மில்லில் நூலின் தரம் பார்க்கும் வேலை எனக்கு. நூலில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தடவியே சொல்லிவிடுவேன். என்னிடமே இருந்த முடிச்சைப் பற்றி ஒருவரிடமும் சொன்னதில்லை.

மலையடிவாரத்தில் மாந்தோப்பு தாண்டி ஒரு புலிக்குத்திக் கல் இருக்கிறது. வீரன் ஒருவன் பாய்ந்து வரும் புலியின் வயிற்றில் கத்தியை இறக்குகிற சிற்பம். லெக்சரர் அவன் வீரத்தை விவரித்து முடித்தார். ஏட்டையா கல்லைச் சுற்றிப் பின்பக்கம் போய், விரலால் ஒரு பள்ளத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“புலி முன்னாடி நிக்குது, சரி. முதுகுல இது என்ன?”

“உளி தவறி விழுந்திருக்கும் ஏட்டையா.”

“இருக்கும். இல்லன்னா, கூட ஒருத்தன் நின்னிருக்கான்.”

நர்ஸம்மா சிலுவைக் குறி போடாத சபை. அன்று கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “சும்மா இருங்க ஏட்டையா, பயமா இருக்கு.”

“பயப்படுதது நல்லதும்மா. பயப்படாத அஞ்சு பேரு சேந்துதான் கையெழுத்துப் போட்டுருதாவ.”

இன்னொரு ஞாயிறு, ஒரு கண்மாய்க் கரையில் இடிந்த கல்மண்டபம். உள்ளே நுழையப் போனவர் வாசலில் சட்டென்று நின்று, பக்கவாட்டில் ஒதுங்கி, தலையை லேசாகக் குனிந்துகொண்டார். யாரோ வெளியே வருவதற்கு வழி விடுகிற மாதிரி. செத்த நேரம் கழித்து, “வாங்க, போலாம்” என்று உள்ளே போனார். ஸ்டுடியோக்காரர் அந்தச் சமயத்தில் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. அதில் அவர் ஒதுங்கி நிற்கிறார். அவர் வழிவிட்ட இடத்தில் யாரும் இல்லை. ஆனால் நாங்கள் நான்கு பேரும், ஒருவர் விடாமல், அந்த வெற்றிடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முதல் நாளே, தாழிக்காட்டிலிருந்து திரும்பும் வழியில், கிருஷ்ணன்கோவில் டீக்கடையில் வைத்து என்னிடம் கேட்டார். “ஒங்களுக்குச் சொந்த ஊரு ராஜபாளையமா தாயி?”

நான் எங்கள் ஊரைச் சொன்னேன். மகாராஜபுரத்துக்கு அந்தப் பக்கம், ஆற்றோரம், ஐம்பது வீடு. வெளியாருக்குத் தெரியாத ஊர்.

அவர் டீயை முழுதாகக் குடித்து முடித்த பிறகுதான் பேசினார். “அங்க ஒருக்க வந்திருக்கேன். மத்தியானம் ரெண்டு மணி வெயிலு.”

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. டம்ளர் சுட்டும் கையை எடுக்கத் தோன்றவில்லை.

“ஸ்டவ் வெடிச்ச கேசு. அந்த ஸ்டவ்வ நான் பாத்தேன். வெடிச்ச ஸ்டவ் அப்படி இருக்காது தாயி. ஆனா வெடிச்சதுன்னுதான் எழுதுனேன். கல்யாணமாகி எட்டு வருசம் அந்தப் பிள்ளைக்கு. ஏழுக்குள்ளன்னா ஆர்.டி.ஓ. வந்து விசாரிச்சிருப்பாரு. ஒரு வருசம் தாண்டிட்டு. அஞ்சு பேரு கையெழுத்துப் போட்டாவ.”

“மூணாவது கையெழுத்து எங்க அப்பா” என்றேன். மறைத்துப் பயனில்லை.

அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கடைசியா உயிரோட பாத்தது மாமியாருன்னு சொன்னாவ. எழுதிட்டேன். அந்தம்மா அன்னைக்கு வத்திராயிருப்புச் சந்தைக்குப் போயிருந்தாவன்னு பொறவுதான் தெரிஞ்சது. அப்போ நெசமாப் பாத்தது யாரு? மத்ததெல்லாம் போகட்டும். அந்த ஒரு வரி பொய்யின்னு தெரிஞ்சே என் கையெழுத்துல கெடக்கு.”

ஒரு வருஷம் இரண்டு வருஷமல்ல, முப்பது வருஷத்துக்கும் மேலாக அவர் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி அது. உயிரோடிருந்தவர்கள் பதில் சொல்லாததால் கல்லிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் எனக்குத் தெரியும். நான்தான்.

செத்தது என் சித்தி. அப்பாவின் தம்பி மனைவி. பக்கத்து வீடு, இடையில் ஒரு சுவர். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, பேசத் தெரியாத வயதில்லை. சித்தப்பாவுக்குக் கோபம் வந்தால் சித்தியை உள்ளே விட்டு, வெளியே நாதாங்கியைப் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விடுவார். அவராக வந்து திறக்கும்வரை சித்தி உள்ளேயே இருப்பாள். எங்கள் குடும்பத்தில் இது எல்லோருக்கும் தெரியும். புருஷன் போட்ட நாதாங்கியை இன்னொருத்தர் எடுப்பதில்லை என்பது எங்கள் வீட்டுப் பெரிய மனுஷத்தனம்.

அன்று மத்தியானம் சல்லடை வாங்கிவரப் போனேன். நாதாங்கி போட்டிருந்தது. சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுத முகம் இல்லை. அதனால்தான் ஏமாந்தேன்.

“ஏட்டி, அந்த நாதாங்கிய எடுத்து விடேன்.”

“சித்தப்பா வந்துரட்டும் சித்தி” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். சல்லடையைக் கேட்கக்கூட இல்லை.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. புகையைப் பார்த்து ஊரே ஓடியது. நான் போனபோது நாதாங்கி எடுத்திருந்தது, கதவு திறந்து கிடந்தது. சித்தப்பாதான் திரும்பி வந்திருக்கிறார், திறந்து உள்ளே போய் என்னவோ செய்துவிட்டு ஓடியிருக்கிறார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. போலீஸ் கேஸ் உள்ள வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? அந்த மாப்பிள்ளைதான் இன்றும் என் கணவர். நல்ல மனிதர். அவர் நல்ல மனிதராக இருப்பதுதான் எனக்குத் தொல்லை.

இதையெல்லாம் அந்த டீக்கடையில் நான் ஏட்டையாவிடம் சொல்லவில்லை. அவரும் அதற்குப் பிறகு என்னிடம் கேட்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு கல்லின் முன்னால் உட்கார்ந்து, நான் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாக, அதே கேள்வியைக் கேட்பார். போகாமல் இருந்துவிடலாம் என்று சனிக்கிழமைதோறும் நினைப்பேன். ஞாயிறு காலையில் வேனுக்கு முதல் ஆளாக நிற்பேன்.

எங்கள் ஊரில் ஒரு மாலைக்கோயில் இருக்கிறது. கணவனோடு தீயில் இறங்கியவளுக்கு எடுத்த கல்லை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. லெக்சரருக்கு யாரோ அதைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். வழி சரியில்லை, முள், பாம்பு என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். வேன் போய் நின்றுவிட்டது.

சித்தப்பாதான் இப்போது அங்கே பூசை வைக்கிறார். நரைத்து, கூன் விழுந்து, நெற்றி நிறைய திருநீறு. ஏட்டையாவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆற்றைப் பார்த்த மேட்டில், ஓட்டுக் கொட்டகைக்குக் கீழே இரண்டு கற்கள். பெரியது பழசு. கணவன் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் வளையல் போட்ட வலக்கையைத் தூக்கியபடி மனைவி. அதன் பக்கத்தில் சின்னது. அதில் பெண் மட்டும்தான். அதே தூக்கிய கை, அதே வளையல். இரண்டும் எண்ணெயும் கரியும் ஏறி ஒரே கறுப்பு.

அந்தச் சின்னக் கல் வந்தது எனக்குத் தெரியும். சித்தி போன மறு வருஷம், வீட்டில் இரண்டு மாடு அடுத்தடுத்துச் செத்தது. குறி கேட்டார்கள். ‘கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நின்னுக்கிட்டே இருக்கா, உக்கார எடம் கேக்கா’ என்று வந்தது. பயந்து போய், ஒரு கல்தச்சரைக் கூட்டிவந்து, பெரிய கல்லைக் காட்டி, அதே மாதிரி செய்யச் சொன்னார்கள். அன்று முதல் படையலுக்கு இரண்டு சேலை.

“இதி சூடண்டி!” அவசரத்தில் லெக்சரருக்குத் தெலுங்கு வந்துவிட்டது. “இதப் பாருங்க, ரெண்டாவது ஒண்ணு! தனிப் பெண். நாயக்கர் காலம். முன்னூறு வருஷம் தாராளமா இருக்கும்.”

“ரெண்டும் அந்தக் காலத்துது ஐயா” என்றார் சித்தப்பா. “அக்கா தங்கச்சி. யாரும் தள்ளல, கொள்ளல. தானா எறங்குனவிய.” பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். “இவ எங்க அண்ணன் மகதான். இவளுக்கும் தெரியும், கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஆமா” என்றேன்.

ஏட்டையா செருப்பைக் கழற்றினார். பெரிய கல்லைத் தாண்டிப் போய், சின்னக் கல்லின் முன்னால் உட்கார்ந்தார். குத்துக்காலிட்டு அல்ல, சம்மணம் போட்டு.

“தாயி, ஒங்களைக் கடைசியா உயிரோட பாத்தது யாரு?”

‘ஒங்களை’ என்றார். ஒரு கல்லிடம் அவர் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. ஸ்டுடியோக்காரர் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். சித்தப்பா கையில் சூடத் தட்டோடு அப்படியே நின்றார். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வரவில்லை, சூடம் நேராக எரிந்தது. அப்போது எனக்கு ஒரு சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம், மெல்ல, ஒருமுறை, பிறகு இன்னொரு முறை. அந்தக் கொட்டகைக்குக் கதவே கிடையாது. மற்றவர்களுக்குக் கேட்டதா என்று முகங்களைப் பார்த்தேன். ஏட்டையா மட்டும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அவர் பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தார். ஒன்றும் எழுதாமல் மூடினார். லெக்சரர் அங்கேயே ஒரு குறிப்பு எழுதினார், பத்திரிகைக்குக் கொடுக்க. பார்வையிட்டவர்கள் என்று எல்லோரிடமும் கையெழுத்து கேட்டார். ஏட்டையா போடவில்லை. நாங்கள் ஐந்து பேரும் போட்டோம்.

வேனில் வரும்போது அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். “கையெழுத்து அப்பாவுது மாதிரியே இருக்கு தாயி.”

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. மழை முடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் நிற்கும் தெருவுக்குப் பின்னால் சின்ன வீடு. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவருடைய மனைவி அந்த நீள நோட்டை லெக்சரர் கையில் கொடுத்து, “வீட்டுல வச்சிருக்க முடியல, கொண்டு போயிருங்க” என்றார். வெளியே வேப்பமரத்தடியில் வைத்துப் புரட்டினோம். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பக்கம். கடைசியாக உயிருடன் பார்த்தவர் என்ற மூன்றாவது வரி எல்லாவற்றிலும் நிரம்பியிருந்தது. ‘தங்கச்சி.’ ‘கூட வந்தவன், பேர் சொல்ல மாட்டேங்கான்.’ ‘யாரும் இல்லை, நாய் மட்டும்.’ எங்கள் ஊர்க் கல்லுக்கு வீட்டில் வைத்துப் பிறகு எழுதிய பக்கத்தில் அந்த ஒரு வரி மட்டும் காலி.

இரண்டு மாதத்தில் பேப்பரில் செய்தி வந்தது. முன்னூறு ஆண்டு பழமையான சதிக்கல். படத்தில் சின்னக் கல்.

சித்திக்கு ஒரு மகன். அவள் போகும்போது அவனுக்கு ஆறு வயது. இப்போது ராணுவத்தில் இருக்கிறான், வடக்கே எங்கோ. வருஷத்துக்கு ஒருமுறை சிவராத்திரிப் படையலுக்கு லீவு போட்டு வந்து, சின்னக் கல்லுக்குச் சேலை சாத்திவிட்டுப் போவான். அதிகம் பேச மாட்டான். இந்த வருஷம் படையல் முடிந்த மறுநாள் காலையில், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். கையில் அந்தப் பேப்பர், நான்காக மடித்தது.

“அக்கா, இது எங்க அம்மா கல்லுல்லா?”

“ஆமா.”

“நீங்களும் போயிருந்தீகளாமே. கையெழுத்தும் போட்டீகளாம். அப்பா சொன்னாவ.”

கணவர் அடுத்த அறையில் இருந்தார். இருக்கட்டும் என்று நினைத்தேன். உட்காரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

“உங்க அம்மாவக் கடைசியா உயிரோட பாத்தது நான்தாண்டா. உங்க அப்பா வெளிய நாதாங்கியப் போட்டிருந்தாவ. எடுத்து விடுன்னு சித்தி கேட்டாவ. நான் எடுக்கல. பொறவு உங்க அப்பா வந்து தெறந்து...”

“அப்பா வரல” என்றான்.

பேப்பரை இன்னும் ஒரு மடிப்பு மடித்தான். பட்டாளத்துக் கை, மடிப்பு நேராக விழுந்தது.

“நாதாங்கிய எடுத்தது நான்க்கா. பள்ளிக்கூடத்துல இருந்து சோத்துக்கு வந்தேன். கதவுக்கு அடியில பொகை வருது. எனக்கு எட்டல. வாளியக் கவுத்திப் போட்டு ஏறுனேன், ரெண்டு தரம் இழுத்தேன், அப்பந்தான் வந்துது. உள்ள இருந்து அம்மாவுக்குச் சத்தம் கேட்டிருக்கும் போல. ‘பாத்து ஏறுலே, விழுந்துராத’ன்னாவ.”

இத்தனை வருஷம் சித்தப்பாவின் தலையில் நான் ஏற்றி வைத்திருந்த பாதிப் பாரமும் அப்போது இறங்கி என் மேல் வந்தது. யாரும் வந்து எதுவும் செய்யவில்லை. நான் திரும்பிப் போனேன், அவ்வளவுதான் நடந்தது.

“ஏண்டா சொல்லல? இம்புட்டு வருசமா?”

“யாரும் கேக்கல” என்றான். “வைக்கப்போருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தேன். அன்னைக்கு ஒரு போலீஸ்காரர் மட்டும் என் பக்கத்துல வந்து குத்தவச்சு உக்காந்தாவ. ஏதோ கேக்க வந்தாவ. அதுக்குள்ள யாரோ அவியளக் கூப்பிட்டுட்டாவ. திரும்பி வருவாவன்னு அங்கயே இருந்தேன். நெதம் இருந்தேன். ரொம்ப நாளு.”

ஏட்டையா திரும்பி வந்திருந்தார். எங்கள் ஊருக்குள்ளேயே வந்து, உட்கார்ந்து, கேட்டார். அவருக்கும் இவனுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.